கொழுப்புச் சொட்டு ஒட்டிக்குதா, கைமாறுதா?

மதுராந்தகத்துலேர்ந்து பேசுறேன். போன வாரத்துலேர்ந்து ஒரே கேள்வியைத்தான் கேட்டுட்டு இருக்கீங்க. ரசத்து மேல மிதக்குற நெய் மாதிரி, கொழுப்பு செல்லுக்குள்ள இருக்கற சொட்டுங்களும் ஒட்டிக்கிட்டுப் பெருசாகுதான்னு.

இல்லைங்க. ரசத்துல ரெண்டு நெய்ச்சொட்டு தொட்டா டக்குனு ஒண்ணாயிடும். செல்லுக்குள்ள ஒவ்வொரு சொட்டுக்கும் மெல்லிய தோல் ஒண்ணு இருக்கு, அது மேல பெரிலிப்பின்னு காவல் புரதம். ரெண்டு சொட்டு தொட்டுக்கிட்டே நிக்கும். தொடுற இடத்துல சைடெக்னு இன்னொரு புரதம் வந்து குவியும். அது வழியா சின்னதுல இருக்கற கொழுப்பு கொஞ்சம் கொஞ்சமா பெருசுக்குள்ள போகும். சின்னதுக்குள்ள அழுத்தம் ஜாஸ்தி, அதான். கடைசியில சின்னது சுருங்கிக் காணாமப் போயிடும். ஒட்டல, கைமாறுது!

2011ல சீனாவுல சிங்ஹுவா பல்கலைக்கழகத்துல பெங் லீ குழு இதைக் காட்டினாங்க. சொட்டுங்களுக்கு ஒளிர்ற சாயம் ஏத்தி, ஒண்ணை மட்டும் லேசர்ல வெளுக்க வெச்சாங்க. பக்கத்துச் சொட்டுலேர்ந்து சாயம் நகர்ந்து வந்து, வெளுத்தது திரும்ப ஒளிர்ந்துச்சு. எனக்கு ரொம்பப் பிடிச்ச சோதனை இது. இப்படிக் கைமாறிக் கைமாறி, முழுசா வளர்ந்த கொழுப்பு செல்லுல ஒரே பெரிய சொட்டுதான் மிஞ்சும், உட்கருவே ஓரமா ஒதுங்கிடும்.

எங்க மதுராந்தகம் ஏரிக்கரையில நடக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கொழுப்பு செல்லு நினைப்புதான். 1798ல, கலெக்டர் லயோனல் பிளேஸ் காலத்துல, கரை உடையப் போகுதுன்னு ஊரே நடுங்கின ராத்திரி ராமரும் லட்சுமணரும் வில்லோட காவல் நின்னாங்கன்னு சொல்லுவாங்க. ஏரி காத்த ராமர்! கரை நின்னா தண்ணி ஏரியில, இல்லேன்னா ஊருக்குள்ள.

கொழுப்பு செல்லும் ஏரிதாங்க, அதைத் திட்டாதீங்க. சைடெக் புரதம் பழுதான ஒரு பொண்ணைப் பத்தி 2009ல ஒரு ஆய்வு வந்துச்சு. கொழுப்பு கைமாறவே இல்ல, செல்லு நிறைய பொடிப்பொடியா சொட்டுங்க. கை காலெல்லாம் ஒல்லி, ஆனா சர்க்கரை நோய், கல்லீரல்ல கொழுப்பு. தேங்க வேண்டிய இடத்துல தேங்கலைன்னா ஊருக்குள்ளதான் வரும்.

ஐயோ, நேரம் ஆயிடுச்சு, முக்கியமானதைச் சட்டுனு சொல்லிடறேன். ஒல்லியா இருக்கோம்னு நிம்மதியா இருக்காதீங்க. கொழுப்பு தப்பான இடத்துல தேங்குதான்னு பார்க்க எடை மிஷின் மட்டும் போதாது, டேப் எடுத்து வயித்துச் சுத்தளவைப் பாருங்க. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல, மூச்சை விட்டுட்டு அளங்க. ஆம்பளைங்களுக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைங்களுக்கு 80, அதான் எல்லை. அதைத் தாண்டிச்சுன்னா வெறும் வயித்துல சர்க்கரை பாருங்க, கல்லீரலைப் பத்தியும் டாக்டர்கிட்ட கேளுங்க. வீட்ல எல்லாரையும் அளந்து பாருங்க, அம்மாவை விட்டுடாதீங்க.