தைராய்டு மாத்திரை போட்டால் உடம்பு இளைக்குமா?

"எனக்குத் தைராய்டு இருக்குக்கா... அதான் இப்படி உடம்பு போட்டுடுச்சு!"

காசிமேட்டில் மீன் வாங்கும்போதும், கல்மண்டபம் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதும் காதில் விழும் பேச்சு இது. அடுத்து வரும் கேள்விதான் ஆபத்தானது. "அப்போ அந்த மாத்திரையை நான் போட்டா இளைச்சிடுவேனா?"

முதலில் ஒரு விஷயம். தைராய்டு எல்லோருக்கும் இருக்கிறது. கழுத்தின் முன்பக்கம் பட்டாம்பூச்சி வடிவில் இருக்கும் சுரப்பி அது. குறைவாகவோ அதிகமாகவோ சுரந்தால்தான் பிரச்னை. சென்னை உட்பட 8 இந்திய நகரங்களில் நடத்தி, 2013-ல் வெளியான ஆய்வில், பெரியவர்களில் 100-க்கு சுமார் 11 பேருக்குக் குறைவாகச் சுரக்கும் 'ஹைப்போதைராய்டிசம்' இருந்தது.

இந்த ஹார்மோனுக்கும் கொழுப்புக்கும் என்ன உறவு? அதைத் துருவித் துருவி ஆராய்ந்தவர்களில் ஒருவர் லக்னோ சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ அறிவியல் கழகத்தின் விஞ்ஞானி ரோஹித் சின்ஹா. சிங்கப்பூரில் பால் யென் குழுவில் அவர் இருந்தபோது, 2012-ல் ஒரு முக்கியமான ஆய்வு வெளிவந்தது.

அது சொல்லும் விஷயத்தைப் புரிந்துகொள்ள எண்ணூர் விரைவு சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்துக்குச் சரக்கு வந்துகொண்டே இருக்கிறது. எடுத்துப்போக லாரி இல்லை. யார்டு என்னவாகும்? கன்டெய்னர்கள் மலையாகக் குவியும். கல்லீரல் செல்லுக்குள் கொழுப்புத் துளிகள் இப்படிக் குவிவதுதான் 'ஃபேட்டி லிவர்'. சென்னையில் டாக்டர் வி.மோகன் குழுவினர் நடத்திய ஆய்வில் 32 சதவிகிதம் பேருக்கு இது இருந்தது.

செல்லுக்குள் தேவையற்றதை அள்ளி, உடைத்து, மறுபடி பயன்படுத்தும் வேலைக்கு 'ஆட்டோபேஜி' என்று பெயர். அது எப்படி நடக்கிறது என்று கண்டறிந்ததற்காக ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு 2016-ல் நோபல் பரிசு கிடைத்தது. தைராய்டு ஹார்மோனான 'டி3', கல்லீரலில் இந்த வேலையை முடுக்கிவிடுகிறது என்பதே சின்ஹா, யென் குழுவின் கண்டுபிடிப்பு. அதாவது, யார்டுக்கு லாரிகளை வரவழைப்பது டி3. உடைத்த கொழுப்பு, செல்லின் அடுப்பான மைட்டோகாண்ட்ரியாவில் எரிகிறது. ஆட்டோபேஜியைத் தடுத்தபோது, டி3 கொடுத்தும் கொழுப்பு எரிவது குறைந்தது. இவை செல்களிலும் எலிகளிலும் பார்த்தவை.

அப்படியானால் ஆளுக்கொரு மாத்திரை போட்டுக்கொள்ளலாமே?

கூடாது. இந்த ஹார்மோன் கல்லீரலோடு நிற்பதில்லை. இதயத்தின் கதவையும் தட்டும். அமெரிக்காவில் மாரடைப்பு வந்து பிழைத்த ஆண்களுக்கு, கொலஸ்ட்ராலைக் குறைக்க 'டெக்ஸ்ட்ரோ தைராக்சின்' கொடுத்துப் பார்த்தார்கள். அந்தப் பிரிவில் இறப்புகள் கூடுதலாக இருந்ததால், 1970-களின் தொடக்கத்தில் அந்தச் சோதனையை நிறுத்தினார்கள். தேவையில்லாதவர் தைராய்டு மாத்திரை போட்டால் படபடப்பு, இதயத் துடிப்புக் கோளாறு, எலும்புத் தேய்மானம் எல்லாம் வரலாம். கொழுப்போடு தசையும் கரையும்.

இந்தச் சிக்கலுக்கு விஞ்ஞானிகள் ஒரு வழி கண்டார்கள். ஹார்மோன் வந்து பொருந்தும் ஏற்பிகளில் இதயத்தில் அதிகம் இருப்பது ஆல்பா; கல்லீரலில் அதிகம் இருப்பது பீட்டா. பீட்டாவை மட்டும் குறிவைக்கும் 'ரெஸ்மெடிரோம்' என்ற மருந்துக்கு 2024 மார்ச்சில் அமெரிக்கா அனுமதி தந்தது. ஃபேட்டி லிவர் முற்றி, வீக்கமும் தழும்பும் வந்தவர்களுக்கான மருந்து இது. 966 பேரிடம் நடந்த சோதனையில், அதிக அளவு மருந்து எடுத்தவர்களில் சுமார் 30 சதவிகிதம் பேருக்குத் தழும்பு மோசமாகாமல் கல்லீரல் அழற்சி தீர்ந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் சுமார் 10 சதவிகிதம் பேருக்கே அப்படி நடந்தது. இதுவும் உடல் இளைக்கும் மாத்திரை அல்ல.

சரி, நிஜமாகவே தைராய்டு குறைவாகச் சுரப்பவர்கள்? அவர்களுக்குக் கூடும் எடை பெரும்பாலும் சில கிலோதான். அதிலும் உப்பும் நீரும் தேங்குவதே அதிகம். 20 கிலோ கூடியதற்குத் தைராய்டை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனால், ஹார்மோன் குறைந்தால் ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் ஏறும். அதனால் கொலஸ்ட்ரால் காரணமில்லாமல் எகிறினால், 'டி.எஸ்.ஹெச்' ரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தால், காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடுங்கள். காபி, டிபனுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுங்கள். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். எடை குறையவில்லையே என்று நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள், நிறுத்தவும் செய்யாதீர்கள்.

அடுத்த முறை பஸ் ஸ்டாப்பில் யாராவது, "உன் மாத்திரையில ரெண்டு குடேன்" என்று கேட்டால், கொடுக்காதீர்கள். "வாக்கா, ஸ்டான்லிக்குப் போய் ஒரு டெஸ்ட் எடுத்துட்டு வரலாம்" என்று கூடவே போங்கள். அதுதான் நிஜமான உதவி!