சன்னல் உளுத்தால் நோய்க்கு வாசல்

தோட்டத்துப் பழைய பலகை வீடுகளில் அடிக்கடி நடப்பதுதான் இது. சன்னல் கதவின் அடிச்சட்டம் இத்துப்போகும். கீல் கழன்று கதவு தொங்கும். "மழைச்சாரல் உள்ளே அடிக்குது, நாலு ஆணி அடிச்சு மூடிடுங்க" என்பார்கள். மூடியாகிவிடும். சன்னலின் தொல்லை அதோடு தீர்ந்தது. குடும்பத்தின் தொல்லை அங்கேதான் ஆரம்பம்.

மூடிய அறையில் சமையல் புகை, ஈரத் துணி, ஆறேழு பேரின் மூச்சு எல்லாம் அடைபட்டுக் கிடக்கும். சுவரில் பூஞ்சணம் பூக்கும். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு இழுப்பு அதிகமாகும். வீட்டில் ஒருவருக்குக் காசநோய் இருந்தால், காற்றோட்டமில்லாத அறையில் அது மற்றவர்களுக்குச் சுலபமாகத் தொற்றும். ஆகவே, தொழிலாளத் தோழர்களே, சன்னலைப் பராமரிப்பது வீட்டு அழகுக்காக மட்டுமல்ல, நெஞ்சுக்காகவும்தான்.

பலகை ஏன் உளுக்கிறது?

"பழைய மரம், அப்படித்தான் போகும்" என்று சொல்லிவிடுகிறோம். மரத்தைக் கெடுப்பது வயசு அல்ல, தேங்கும் ஈரம். ஈரம் ஊறிய மரத்தில் ஒருவகைப் பூஞ்சணம் வளர்ந்து அதைத் தின்கிறது. மரத்தில் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அது வளராது. மழையை நம்மால் நிறுத்த முடியாது. மரத்தில் தண்ணீர் தங்காமல் பார்த்துக்கொள்ள முடியும்.

தண்ணீர் அதிகம் ஏறுவது பலகையின் வெட்டுமுனை வழியாகத்தான். அதனால் கதவின் அடிச்சட்டம், மூலைப் பொருத்து, நிலையின் கீழ்க்கட்டை ஆகிய மூன்றும் முதலில் கெடும். பெயிண்ட் கொப்புளித்திருந்தால் அங்கே பேனாக்கத்தியின் முனையால் குத்திப் பாருங்கள். நல்ல மரம் எதிர்த்து நிற்கும். இத்துப்போன மரத்தில் கத்தி பிட்டில் இறங்குவது போல இறங்கும். மண் பாதை தெரிந்தால் அது கரையான். அதற்கு வேறு மருந்து. உடனே நிர்வாகத்திடம் சொல்லுங்கள்.

என்ன செய்யலாம்?

1. முதலில் தண்ணீர் வரும் வழியை அடையுங்கள். ஒழுகும் கூரை, அடைத்துக்கொண்ட பீலி இரண்டையும் பாருங்கள். கீழ்க்கட்டை வெளிப்பக்கமாகச் சரிந்திருக்க வேண்டும். அதன்மேல் பூச்சட்டி வைக்காதீர்கள். தண்ணீர் தேங்கும் தட்டில் ஏடிஸ் கொசுவும் முட்டையிடும்.

2. வெடிப்பு சிறிதாக இருக்கும்போதே காயவிட்டு, அடைத்து, பெயிண்ட் அடியுங்கள். வெட்டுமுனைக்கு இரண்டு மூன்று பூச்சு கொடுங்கள்.

3. இத்துப்போன பகுதியை நல்ல மரம் தெரியும்வரை வெட்டி, மேலும் 2 அங்குலம் சேர்த்து எடுத்துவிடுங்கள். மிச்ச மரம் நன்றாகக் காய்ந்தபின் மரக்காப்பு மருந்து தடவி, அளவாக வெட்டிய புதுக்கட்டையைப் பசையும் ஸ்குரூவும் போட்டுப் பொருத்துங்கள். அழுகலின் மேலேயே பட்டி பூசினால் வெளியே பளபளக்கும், உள்ளே அழுகல் ஓடிக்கொண்டே இருக்கும்.

4. மேற்குக் கரையில் ஜூன், ஜூலை போன்ற மழை குறைந்த மாதங்கள் இந்த வேலைக்கு ஏற்றவை. கிழக்குக் கரையில் ஆண்டுக் கடைசிப் பருவமழை ஓய்ந்த பிறகு செய்யுங்கள்.

கவனம் தேவை

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அது பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். காய்ந்தபடி சுரண்டாமல் தண்ணீர் தெளித்துச் சுரண்டுங்கள். பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் தள்ளி இருக்கச் சொல்லுங்கள். மருந்து ஏற்றிய பலகைத் துண்டுகளை அடுப்பில் எரிக்கவே கூடாது. சிலவற்றில் ஆர்செனிக் நஞ்சு உண்டு. லாரியிலிருந்து வடித்த கறுப்பெண்ணெயைச் சன்னலுக்குப் பூசாதீர்கள். அது தோலுக்குக் கெடுதல். அதன்மேல் பெயிண்டும் பிடிக்காது.

இது யார் பொறுப்பு?

சிறு பூச்சு வேலையை நாமே செய்துகொள்ளலாம். ஆனால் நிலையே உளுத்துவிட்டால் அதைத் தொழிலாளியின் தலையில் கட்ட முடியாது. 1990ஆம் ஆண்டு தொழிலாளர் வீட்டு வசதி குறைந்தபட்சத் தரச் சட்டம், அதாவது சட்டம் 446, முதலாளி கொடுத்த வீட்டை நல்ல நிலையில் பராமரிப்பது முதலாளியின் கடமை என்கிறது. இச்சட்டம் 2019இல் திருத்தப்பட்டது. "சொன்னேன், செய்யல" என்று வாயால் புலம்பிப் பயனில்லை. வீட்டு எண், தேதி, பழுது ஆகியவற்றை எழுதி நிர்வாகத்திடம் கொடுங்கள். ஒரு நகலை நீங்கள் வைத்துக்கொண்டு, இன்னொன்றைக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். அப்படியும் அசையாவிட்டால் தொழிலாளர் இலாகா இருக்கிறது.

வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், சன்னல் சரியாகட்டும் என்று காத்திருக்காமல் கிளினிக்குக்குப் போய்ச் சளியைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

இன்று வேலை முடிந்து வந்ததும் கத்தியோடு வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். ஆணி அடித்து மூடிய சன்னல் எது இருந்தாலும், முதலில் அதைத் திறக்க வழி பாருங்கள்.