லூக்காவின் பகா எண்

தன்னையும் ஒன்றையும் தவிர வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத பகா எண்களுக்கு முடிவே இல்லை என்பதை யூக்ளிட் நிரூபித்திருப்பினும், குறிப்பிட்டதொரு பெரிய எண் அவ்வினத்தைச் சேர்ந்ததா என்று நிர்ணயிப்பது மகா சிரமமான காரியம். இரண்டை 127 முறை பெருக்கி, அதில் ஒன்றைக் கழித்தால் கிடைப்பது 170141183460469231731687303715884105727 என்னும் 39 இலக்க எண். பிரெஞ்சுத் துறவியான மெர்சென் 1644-இல் இதைப் பகா எண் என்று எழுதிவைத்தார். ஆனால் அவருடைய பட்டியலில் ஐந்து பிழைகள் இருந்தமையால், அதை வேதவாக்காகக் கொள்வதற்கில்லை.

வகுத்துப் பார்த்தே தீர்மானிப்பதெனில், 20 இலக்கம் வரையுள்ள பகா எண்களையெல்லாம் பரீட்சிக்க வேண்டும்; ஆயுள் போதாது. எதுவார் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித நிபுணர் 1876-இல் இவ்வாறு ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பதையே தவிர்க்கும் யுக்தியொன்றைக் கையாண்டார். பிற்காலத்தில் லெஹ்மர் என்ற கணித நிபுணர் செம்மைப்படுத்திய வடிவில் அதன் கிரமம் இது: நான்கில் தொடங்கி, வர்க்கம் செய்து இரண்டைக் கழித்து, விடையை அப்பெரிய எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொண்டு, அதையே மீண்டும் வர்க்கம் செய்து, இவ்வாறு 125 தடவை செய்தபின் மீதி பூஜ்யமானால் எண் பகா எண், இல்லையேல் அன்று. எந்தக் காரணி என்று சொல்லாமலே காரணி உண்டா இல்லையா என்று சொல்லிவிடும் இவ்விசித்திரமே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

அந்த 39 இலக்க எண் பகா எண்ணே என்று லூக்கா நிறுவினார். 1951 வரை, 75 ஆண்டுகள், இதனினும் பெரிய பகா எண்ணை எவரும் கண்டறியவில்லை. இதனை இரண்டின் 126-ஆம் அடுக்கால் பெருக்கினால், தன்னைத் தவிர்த்த தன் வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான, 77 இலக்கங்கொண்ட பூரண எண் ஒன்று கிடைக்கிறது.