தராசுக்குப் பேதமில்லை

பெல்ஜியம் தேசத்து ஸ்பாவில் 2024-ஆம் வருஷம் ஜூலை 28-ந் தேதி நடந்த மோட்டார்ப் பந்தயத்தில் முதலாவதாக வந்தவர் ஆங்கிலேயரான ஜார்ஜ் ரஸ்ஸல். பெட்ரோலை வடித்துவிட்டு நிறுத்துப் பார்த்தபோது அவர் வண்டி 796.5 கிலோதான் இருந்தது. விதியோ 798 கிலோ. ஒன்றரைக் கிலோ குறைவால் வெற்றி பறிபோயிற்று.

இஃதென்ன கொடுமை என்பாருண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. கனங் குறைந்த வண்டி விரைந்தோடும். வரம்பில்லையெனில், உயிரைக் காக்கும் பாகங்களையே குறைக்கத் துணிவார்கள். ஓட்டுவோர் எடையும் வண்டியோடு சேர்ந்திருந்ததால், அவர்கள் பட்டினி கிடந்து மெலிய நேர்ந்தது. 2019 முதல் ஓட்டுவோருக்கும் ஆசனத்துக்கும் சேர்த்துத் தனியே 80 கிலோ விதித்த பின்னரே அத்துன்பம் தணிந்தது.

பத்தே நாளில், ஆகஸ்டு 7-ந் தேதி, பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் வீராங்கனை ஸ்ரீமதி வினேஷ் போகாட் 100 கிராம் மிகுதியென்று இறுதி மல்யுத்தத்தினின்று விலக்கப்பட்டார். தேசம் கண்ணீர் விட்டது, நாமும் விட்டோம். ஆயினும் ஆங்கிலேயர், இந்தியர் என்ற பேதம் தராசுக்கில்லை. வில்லாபுரத்துக் கடைவீதி முதல் சர்க்கார் காரியாலயம் வரை நாம் கோருவதும் அதுவே. செல்வருக்கோர் எடைக்கல், ஏழைக்கோர் எடைக்கல் என்பது ஒழிக!