மூவர் எழுதும் பாட்டில்

அங்காடிப் பாடம் – 9

சென்ற வாரம் மாத்திரை அட்டையின் பின்புறத்தைப் படித்தோம். அங்கே அச்சாகியிருப்பது பெரும்பாலும் ஒரே கம்பெனியின் வாக்குமூலம் ஆகையால் அந்தப் பாடம் சுலபமாக முடிந்தது. பானம் அடைத்த பாட்டிலின் சமாசாரம் அப்படியன்று. பாட்டிலை வார்த்தவன் ஒருவன், அதில் பானத்தை நிரப்பியவன் மற்றொருவன், இன்னின்ன விவரங்களை அச்சிட்டே தீரவேண்டும் என்று விதித்த சர்க்கார் மூன்றாவது என, மூன்று தரப்பின் எழுத்தும் ஒரே பாட்டிலின் மேல் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. எது யாருடைய எழுத்து என்று பிரித்துப் பாராமல் படிக்கப் புகுவதனால்தான், பெரிய பெரிய புஸ்தகங்களைப் படித்தவர்கள்கூடப் பெட்டிக்கடை வாசலில் ஒரு கலர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு திகைக்கிறார்கள்.

முதலில் வார்த்தவனுடைய எழுத்து. இதற்கு மை கிடையாது. அச்சிலே வெட்டப்பட்டு, பாட்டில் உருவாகும்போதே அதன் உடம்பில் புடைத்து எழுவதாகையால், விரலால் தடவினால் தட்டுப்படும், எத்தனை தேய்த்தாலும் அழியாது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், அம்புகள் சுற்றிவரும் ஒரு முக்கோணமும் அதற்குள் 1 என்ற இலக்கமும் தென்படும். ஒரே தடவைதான் உபயோகிக்கலாம் என்பதற்கு அது அடையாளமென்று ஒரு வதந்தி கைப்பேசிகளின் வழியே நாடெங்கும் பரவி, ஏறக்குறைய சாஸ்திரமாகவே ஆகிவிட்டது. உண்மையில், 1988இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழிலதிபர் சங்கம், பழைய பாட்டில்களைத் தரம் பிரிப்பவர்களின் சௌகரியத்துக்காக வகுத்த இலக்கங்களில் அது முதலாவது. பெட் என்னும் பிளாஸ்டிக் வகையைக் குறிப்பதன்றி வேறெதையும் குறிப்பதன்று. அதே பாட்டிலின் மூடி வேறு பிளாஸ்டிக்கால் ஆனதாகையால் அது 2 அல்லது 5 என்ற இலக்கத்துக்கு உரியதாக இருக்கும். மறுபடி உபயோகிக்காதீர்கள் என்று சொல்வது அந்த 1 அல்ல. குடித்தபின் பாட்டிலை நசுக்கிவிடுங்கள் என்று லேபிளில் அச்சிட்டிருக்கிறதே, அந்த வாசகம். காலிப் பாட்டிலில் எவனாவது குழாய்த் தண்ணீரைப் பிடித்து மூடி விற்றுவிடக் கூடாது என்பதும் அதன் உத்தேசம்.

வார்த்தவன் சில சமயம் தேதியும் எழுதுவான். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. வீடுகளுக்கு வரும் 20 லிட்டர் கேன்கள் சிலவற்றின் அடியில் 1 முதல் 12 வரை இலக்கங்கள் வட்டமாகப் பொறித்து, நடுவே ஓர் அம்பு மாதத்தைச் சுட்ட, அம்பின் இருபுறமும் வருஷத்தின் கடைசி இரண்டு இலக்கங்கள் நிற்பதைக் காணலாம். அது கேன் பிறந்த மாதமே தவிர, தண்ணீர் நிரப்பிய நாள் அல்ல. கோகோ கோலாவின் பிரசித்தி பெற்ற இடை சிறுத்த பாட்டில் இதற்கு நல்ல திருஷ்டாந்தம். இந்தியானா மாகாணத்து டெரெ ஹோட் நகரின் ரூட் கண்ணாடிக் கம்பெனி அமைத்த அந்த உருவத்துக்கு 1915ஆம் வருஷம் நவம்பர் 16ஆம் தேதி காப்புரிமை கிடைத்தது. அந்தத் தேதியையே கண்ணாடியில் பொறித்துப் பின்னும் பல வருஷங்கள் பாட்டில்கள் வார்த்துக்கொண்டிருந்தார்கள். பழம்பொருள் சேகரிப்பவர்களில் புதிதாக வருகிறவர்கள் அந்தத் தேதியைக் கண்டு, 1915ஆம் வருஷத்துச் சரக்கே கையில் கிடைத்துவிட்டதென்று மகிழ்ந்து ஏமாறுவதுண்டு. தேதி மெய்தான், ஆனால் அது காப்புரிமையின் தேதி, பாட்டிலின் தேதி அன்று.

இரண்டாவது, நிரப்பியவனுடைய எழுத்து. கழுத்துப் பக்கத்திலோ தோளிலோ, புள்ளி புள்ளியாக, கோணல்மாணலாக, கறுப்பு மையில் ஓடும் இரண்டு மூன்று வரிகள் இவனுடையவை. இயந்திரம் பாட்டிலைத் தொடாமலே மைத்துளிகளைப் பீச்சி எழுதுவதனால் அந்த உருவம். அழகில் கடைசியானாலும் பிரயோஜனத்தில் இதுவே முதன்மை. ஏனெனில் உள்ளே இருக்கும் பானத்தைப் பற்றி, அது அடைக்கப்பட்ட அன்றே எழுதப்பட்ட எழுத்து இது ஒன்றுதான். அடைத்த நாள், காலாவதி நாள், பேட்ச் நம்பர், விலை ஆகியவை சாதாரணமாக இங்கே இருக்கும். சில கம்பெனிகள் மணியும் நிமிஷமும்கூடச் சேர்ப்பார்கள். பேட்ச் நம்பர் நமக்கு எதற்கென்று நினைக்கலாம். ஒரே வேளையில், ஒரே கலவையிலிருந்து நிரம்பிய பாட்டில்கள் யாவற்றுக்கும் பொதுவான அந்த எண் இருந்தால்தான், கோளாறு கண்ட சரக்கை மட்டும் கடைகளிலிருந்து திரும்ப வரவழைக்க முடியும். புகார் எழுதுகிறவர் அதைக் குறிப்பிடாவிட்டால் புகார் பாதி உயிரை இழந்துவிடும். பல ஊர்களில் ஆலை வைத்திருக்கும் பெரிய கம்பெனிகள், எல்லா ஆலைகளின் விலாசத்தையும் லேபிளில் வரிசையாக அச்சிட்டு, பேட்ச் நம்பரின் முதல் எழுத்தைக் கொண்டு எந்த ஆலை என்று தெரிந்துகொள்ளச் சொல்வதும் உண்டு.

தேதியிலும் இரு வகை உண்டு. பெஸ்ட் பிஃபோர் என்பது ருசியும் குணமும் குன்றாமல் இருப்பதற்குத் தயாரித்தவன் சொல்லும் கெடு; எக்ஸ்பைரி அல்லது யூஸ் பை என்பது, அந்த நாள் கடந்தபின் விற்கவே கூடாது என்ற தடை. 2020ஆம் வருஷத்து லேபிள் விதிகள் பின்னதைக் கட்டாயமாக்கி, முன்னதை விருப்பத்துக்கு விட்டிருக்கின்றன. மை கலைந்தோ, ஒரு வரியின்மேல் இன்னொரு வரி ஏறியோ தோன்றினால், காரணம் எதுவாயினும் அந்தப் பாட்டிலை வாங்காமல் விடுவதே விவேகம்.

மூன்றாவது சர்க்காரின் எழுத்து. சர்க்கார் தானாக எழுதுவதில்லை, எழுதவைக்கிறது. 2006ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் 14 இலக்க எண்ணை வெறும் எண்ணென்று தள்ளிவிடலாகாது. முதல் இலக்கம் 1 ஆனால் உரிமம், 2 ஆனால் சிறு வியாபாரியின் பதிவு. அடுத்த இரண்டு இலக்கங்கள் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 24, மத்திய உரிமமாயின் 00. அதற்கடுத்த இரண்டும் உரிமம் பெற்ற வருஷம். தண்ணீர் பாட்டிலில் 14543 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் அது சுத்திகரித்து அடைத்த நீர். 13428 என்றிருந்தால் இயற்கை ஊற்றின் கனிம நீர். நம் கடைகளில் மினரல் வாட்டர் என்று கேட்டு வாங்குவது பெரும்பாலும் முதல் வகையே. 2001 முதல் கட்டாயமாயிருந்த இந்த முத்திரை 2024 அக்டோபரில் கட்டாயத்திலிருந்து நீக்கப்பட்டு, அடுத்த மாதமே அந்த நீர் அதிக அபாயமுள்ள உணவுகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இனி முத்திரை இல்லாத பாட்டிலில் அந்த 14 இலக்கங்களே ஆதாரம்.

கலர் பாட்டிலில் சேர்மானப் பட்டியலும் இந்த வகுப்பைச் சேர்ந்தது. எது அதிகமோ அது முதலில் என்பது அதன் கிரமம். 330 சிட்ரிக் அமிலம், 338 பாஸ்பரிக் அமிலம், 211 கெடாமல் காக்கும் சோடியம் பென்சோயேட், 150டி காரமெல் நிறம், 951உம் 955உம் சர்க்கரைக்குப் பதிலாகச் சேரும் இனிப்புகள். ஆரஞ்சுப் படம் போட்ட பாட்டிலிலேயே பழம் எதுவும் இல்லை என்ற வாசகம் பொடி எழுத்தில் ஒதுங்கியிருக்கக் காணலாம். சர்க்கரை அளவு சாதாரணமாக 100 மில்லிக்கு இவ்வளவு என்று குறிக்கப்படுவதால் கணக்குப் போடுகிற பொறுப்பு நம்முடையது: 10 கிராம் என்றிருந்தால் 600 மில்லி பாட்டிலைக் காலி செய்கிறவர் 60 கிராம் சர்க்கரையை உட்கொள்கிறார். விலை என்று போட்டிருப்பது எல்லா வரிகளும் அடங்கிய உச்ச விலை; ஆகவே பஸ் ஸ்டாண்டில் கூலிங்குக்காக இரண்டு ரூபாய் கூடக் கேட்பதற்கு எந்த நியாயமும் கிடையாது. உட்கார வைத்துப் பரிமாறும் ஓட்டல்களுக்கு மட்டும் 2017இல் உச்ச நீதிமன்றம் விலக்களித்திருக்கிறது.

ஆக, புடைத்த எழுத்து பாட்டிலைப் பற்றியது, மை எழுத்து பானத்தைப் பற்றியது, லேபிள் எழுத்து பொறுப்பைப் பற்றியது. மூன்றில் மிகவும் வேண்டியதான மை எழுத்தையே மிகப் பொடியாகவும், கறுப்புப் பானத்தின்மேல் கறுப்பு மையிலும் அச்சிடுவது கம்பெனிகளுக்கு அழகன்று. சட்டம் தெளிவாக அச்சிடச் சொல்கிறது, கண்டிப்பாக நடத்தத்தான் ஆளில்லை. அந்த வேலையை வாங்குகிறவர்கள்தாம் செய்யவேண்டும். தேதி படிக்க முடியாத பாட்டிலைக் காசு கொடுக்குமுன்பே கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்து, வேறு கேளுங்கள்.

அடுத்த வாரம்: சமையல் எண்ணெய்ப் பாக்கெட்.