ஒரே டிரைவரா, ஆளுக்கொரு டிரைவரா?

உங்க லேப்டாப்ல லினக்ஸ் இருக்கா? டெர்மினல்ல ‘வல்கன்இன்ஃபோ’ கமாண்டை ஓட்டிப் பாருங்க. ஏ.எம்.டி. கிராஃபிக்ஸ் உள்ள மெஷினா இருந்தா, டிரைவர் பெயர் இருக்கிற இடத்துல பெரும்பாலும் ‘ராட்வி’ன்னு வரும். அந்த டிரைவரைத் தொடங்கினது ஏ.எம்.டி. கிடையாது! இது எப்படி நடந்தது?

டிரைவருக்குள்ள என்ன இருக்கு?

கிராஃபிக்ஸ் டிரைவர்ல ரெண்டு பகுதி உண்டு. ஒண்ணு கெர்னலுக்குள்ள இருந்து மெமரியைப் பங்கு போட்டு, கார்டுக்கு வேலையை அனுப்பும். இன்னொண்ணு வெளியே இருந்து, கேம் கொடுக்கிற ஷேடர் புரோகிராமை கார்டுக்குப் புரியும் மெஷின் கோடா மாத்தும். அதாவது, அது ஒரு முழு கம்பைலர்.

கம்பைலர் டிசைன் பேப்பர் படிச்சவங்களுக்குத் தெரியும்: தேவையில்லாத கோடை நீக்குறது, லூப்பை விரிக்கிறது எல்லாம் எந்த கார்டுக்கும் பொதுவான வேலை. கடைசியா வர்ற மெஷின் கோடுதான் கார்டுக்குக் கார்டு மாறும். அப்போ பொதுவான பகுதியை எல்லாரும் சேர்ந்து ஒரே தடவை எழுதலாமா, இல்ல ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியா எழுதணுமா? சண்டையே இதுதான்.

இன்டெல் போன பாதை

1993-ல் பிரையன் பால் தொடங்கிய ‘மெசா’தான் இன்னைக்கு லினக்ஸ் கிராஃபிக்ஸோட பொதுக் களம். அதுக்குள்ள பல டிரைவர்கள் பகிர்ந்துக்க ‘கேலியம்’னு ஒரு அடுக்கு உருவாச்சு. இன்டெல் அதுல சேராம, மெசாவுக்குள்ளேயே தன் ஐ965 டிரைவரைத் தனியா வளர்த்தது. நடுவுல ஒரு அடுக்கு கூடினா சிபியு-வுக்குச் சுமை கூடும்ங்கிற சந்தேகம் இருந்தது. ஆனா பிறகு கேலியம் மேல புதுசா எழுதின ‘ஐரிஸ்’ டிரைவர், பழசை விட சிபியு-வை ரொம்பக் குறைவாத்தான் எடுத்துக்கிச்சு. 2020-ல் வந்த மெசா 20.0-ல், பிராட்வெல்லும் அதுக்குப் பின்னால வந்த சிப்புகளும் ஐரிஸுக்கே மாறின.

ஏ.எம்.டி. கதை

2016-ல் வல்கன் வெளியானப்போ, தன் டிரைவரைப் பிறகு ஓப்பன் சோர்ஸ் பண்றதா ஏ.எம்.டி. சொன்னது. காத்திருக்காம டேவ் ஏர்லியும் பாஸ் நியூவன்ஹவுசனும் அதே வருஷம் ராட்வியை எழுதத் தொடங்கினாங்க. வெறும் கையோட இல்ல; மெசாவில் ஏற்கெனவே இருந்த இன்டெல் வல்கன் டிரைவரோட கோடை எடுத்துத்தான் ஆரம்பிச்சாங்க. போட்டி கம்பெனியோட கோடு இன்னொரு கம்பெனி கார்டுக்கு உயிர் கொடுத்தது.

2017 டிசம்பர்ல ஏ.எம்.டி. தன் ‘ஏஎம்டிவிஎல்கே’ டிரைவரைத் திறந்துவிட்டது. ஆனா முக்கிய வேலை கம்பெனிக்குள்ள நடந்து, கோடு மொத்தமா வெளியே வந்து விழும். ராட்வியிலோ யார் வேணாலும் நேரடியா கை வைக்கலாம். 2019-ல் வால்வ், கேம்கள் திக்காம ஓடணும்னு ‘ஏகோ’ங்கிற ஷேடர் கம்பைலரை ராட்விக்குக் கொண்டு வந்தது. கடைசியில், 2025-ல் ஏ.எம்.டி. தன் டிரைவர் திட்டத்தை நிறுத்திட்டு ராட்வியை ஆதரிக்கிறதா அறிவிச்சது.

அப்போ தனிப்பாதை தப்பா?

அப்படிச் சொல்லிட முடியாது. ஒரே கோடு விண்டோஸ்லயும் லினக்ஸ்லயும் ஓடினா கம்பெனிக்கு உழைப்பு மிச்சம். பொதுக் களத்துலயோ, உங்க கார்டுக்காகப் பண்ற ஒரு மாற்றம் அடுத்தவன் கார்டை உடைக்கலாம். ரிவ்யூவுக்குக் காத்திருக்கவும் வேணும். பழைய கார்டுகளுக்கும் ஆபத்து உண்டு. மெசா 22.0-ல் பழைய பாணி டிரைவர்களை ‘ஆம்பர்’ங்கிற தனிக் கிளைக்கு ஒதுக்கிட்டாங்க.

ஆனா அதுக்கு முன்னாடியே, ஹேஸ்வெல் வரைக்குமான பழைய இன்டெல் சிப்புகளுக்கு ‘குரோகஸ்’னு ஒரு கேலியம் டிரைவர் வந்துடுச்சு. எழுதினது அதே டேவ் ஏர்லி. சீனியர்கிட்ட வாங்கின பழைய லேப்டாப்பை ஓட்டுறவங்களுக்கு இதோட அருமை புரியும். கம்பெனி மறந்த சிப்பையும், கோடு பொதுவில் இருந்தா யாராவது காப்பாத்த முடியும்.

கடைசியா ஒண்ணு. இன்னைக்கு மெசாவின் பெரும்பாலான டிரைவர்கள் பகிர்ந்துக்கிற ‘நிர்’ங்கிற இடைநிலை மொழி, இன்டெலோட டிரைவருக்காகப் பிறந்தது. அதை எழுதத் தொடங்கின கானர் அபாட், அப்போ இன்டெல்ல ஒரு இன்டர்ன். அடுத்த செமஸ்டர் புராஜெக்டுக்குத் தலைப்பு தேடுறப்போ இதை ஒரு தடவை நினைச்சுக்கோங்க.