நிலத்தின் உரக்கணக்கு

காவிரிப் பாசனப் பகுதியில் குறுவையும் தாளடியும் விளைந்த நிலத்தில், அடுத்து உளுந்தோ பச்சைப்பயறோ விளைவிப்பது நெடுநாளைய வழக்கம். பயிர்கள் மூன்றாயினும் நிலம் ஒன்றே. நாமோ உரக்கணக்கைப் பயிர்தோறும் தனித்தனியே போடுகிறோம். நிலத்துக்கென ஒரு கணக்கு எழுதுவதில்லை.

ஒரு டன் நெல்லை ஈனும் பயிர், மண்ணிலிருந்து ஏறத்தாழ 20 கிலோ தழைச்சத்தை எடுத்துக்கொள்கிறது. சாம்பல்சத்தையும் ஏறக்குறைய அதே அளவில் எடுக்கிறது. மணிச்சத்தின் தேவை இவற்றினும் மிகக் குறைவு; அதன் பெரும்பகுதி நெல்மணியோடு போய்விடும். சாம்பல்சத்திலோ ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலிலேயே தங்குகிறது. வைக்கோலை மாடு தின்று, சாணம் வயலுக்கு வந்த காலத்தில் அச்சத்தும் வயலுக்கே திரும்பியது. இன்று வைக்கோல் கட்டுக்கட்டாக லாரியேறி வெளியூர் செல்கிறது. அதனோடு போகும் சாம்பல்சத்துக்கு எவரும் விலை பேசுவதில்லை.

இழப்பு இவ்வாறிருக்க, யூரியாவை மட்டும் மிகுதியாக இடுவோமாயின் பயிர் கரும்பச்சையாய்ச் செழித்து நிற்கும். கண்ணுக்கு இனிய காட்சிதான்! ஆனால் அப்பயிரே எளிதிற் சாயும். புகையானுக்கும் குலைநோய்க்கும் விரைவில் இரையாகும். எந்தச் சத்து மிகக் குறைவாக உள்ளதோ அதுவே விளைச்சலின் எல்லையை வகுக்கும் என்பது, ஜெர்மானிய வேதியியல் அறிஞர் லீபிக் பரப்பிய கோட்பாடு. உழவரை மட்டும் குறை கூறுதல் முறையன்று. 1992 ஆகஸ்டில் நடுவணரசு மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக்கட்டுப்பாட்டை நீக்கியது. யூரியாவுக்கு மட்டும் கட்டுப்பாடு நீடித்தது. ஏனைய உரங்களின் விலை ஏறவே, கை மலிவானதன் பக்கம் சென்றது இயல்பே.

இக்குறையின் சுமையை இறுதியிற் சுமப்பது பயறு. தாளடி அறுவடைக்கு ஒரு வாரம் அல்லது பத்து நாள் முன்பு, நிற்கும் நெற்பயிருக்கிடையே ஈர மண்ணில் பயறு விதைக்கப்படுகிறது. உழவும் இல்லை, அடியுரமிட வழியும் இல்லை. தழைச்சத்தில் ஒரு பகுதியை வேர்முடிச்சு நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து ஈட்டித் தரும். மணிச்சத்தும் சாம்பல்சத்தும் நெல் விட்டுச் சென்ற மிச்சமே. ஆதலின் நெல்லுக்கிடும் சூப்பர் பாஸ்பேட்டும் பொட்டாஷும் பயறுக்கும் இட்டவையே எனக் கொள்ளல் வேண்டும். பூக்கும் பருவத்தில் ஒருமுறையும் பதினைந்து நாள் கழித்து மறுமுறையும் 2 விழுக்காடு டி.ஏ.பி. கரைசலைத் தெளிப்பது இக்குறையை ஓரளவு ஈடுசெய்யும். லிட்டருக்கு 20 கிராம் என்ற கணக்கில் முந்தைய நாளே ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் எடுத்துத் தெளித்தல் வேண்டும்.

குறுவைக்கு முன் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதால், தழைச்சத்தோடு மண்ணின் கட்டமைப்பும் சீர்படும். துத்தநாகக் குறையுள்ள வயலில் எக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலிற் கலந்து தூவலாம். மணிச்சத்து உரங்களோடு அதனைக் கலத்தலாகாது.

எந்தச் சத்து எவ்வளவு குறைவு என்பதை மண் பரிசோதனையே கூறும். பயறு அறுவடையான கோடையே அதற்கேற்ற காலம். வேளாண் குடும்பத்து மாணவர்கள் விடுமுறையில் இதனைச் செய்யலாம். வரப்போரமும் எருக்குவியல் இருந்த இடமும் தவிர்த்து, பத்துப் பதினைந்து இடங்களில் 15 செ.மீ. ஆழம்வரை மண்ணெடுத்துக் கலந்து, அரைக்கிலோவை நிழலில் உலர்த்தி ஆய்வகத்திற் கொடுத்தால் போதும்.